ரிவர்ஸ் விழவில்லையா? கியர்பாக்ஸைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பாதி வீடுகள் மேட்டில், பாதி வீடுகள் பள்ளத்தில். ராத்திரி வண்டியை மூக்கை முன்னே விட்டு முற்றத்தில் நிறுத்தினால், காலையில் வெளியே வர ரிவர்ஸ் ஒன்றுதான் வழி. அந்த நேரம் பார்த்து அது 'கறக்'கென்று பல்லைக் கடிக்கும், அல்லது லிவரே அந்தப் பக்கம் போகமாட்டேன் என்று நிற்கும். யாரையாவது கேட்டால் உடனே வரும் பதில்: "கியர்பாக்ஸ் போச்சு."

பெரும்பாலும் போயிருக்காது. பழைய மேனுவல் வண்டியில் ரிவர்ஸ் தகராறு செய்தால் முதல் சந்தேகம் கிளட்சின் மேல், அடுத்தது லிவரையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் லிங்கேஜின் மேல். கியர்பாக்ஸின் உள்பக்கம் கடைசியில்தான். இந்த வரிசையை மாற்றிச் செய்கிறவர்கள்தான் அதிகம் செலவழிக்கிறார்கள்.

நம் பக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளை நினைத்துத்தான் எழுதுகிறேன்: 1984 முதல் 2009 வரை யூட்டன்ஹேகில் செய்த சிட்டி கோல்ஃப், 2006 வரை நம் டர்பன் ப்ராஸ்பெக்டனிலேயே செய்த டொயோட்டா டாஸ், ஓப்பல் கோர்ஸா லைட், ஃபியட் ஊனோ, வயசான பக்கிகள் (பின்னால் திறந்த சரக்குத் தொட்டி உள்ள பிக்கப் வண்டிகள்). மற்ற மேனுவல் வண்டிகளுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

ரிவர்ஸ் ஏன் மற்ற கியர் மாதிரி இல்லை

முன்னே போகும் கியர்களின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். அவை எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியேதான் சுற்றும். நீங்கள் லிவரைத் தள்ளும்போது பல் நகர்வதில்லை. நடுவில் இருக்கும் ஸ்லீவ்தான் நகர்கிறது. அதற்கு முன்னால் சிங்க்ரோ வளையம் ஒன்று உரசி இரண்டு பக்க வேகத்தையும் சமமாக்கிவிடும். அதனால்தான் இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு சத்தமில்லாமல் மாற்ற முடிகிறது.

பழைய வண்டிகள் பலவற்றில் ரிவர்ஸுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஐட்லர் என்ற சிறிய பல்சக்கரம் பக்கவாட்டில் நகர்ந்து வந்து, வேறு இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் நுழைய வேண்டும். பற்கள் நேராக வெட்டப்பட்டவை. பின்னால் போகும்போது கேட்கும் அந்த 'உய்ய்ங்' சத்தம் அதனால்தான், அது கோளாறு அல்ல. சிங்க்ரோ இல்லாததால், ஐட்லர் நுழையும் நேரத்தில் எல்லாப் பல்லும் அசையாமல் நிற்க வேண்டும். வண்டி துளி உருண்டுகொண்டிருந்தாலும் கடிக்கும். கிளட்ச் முழுதாக விடாமல், அதோடு இணைந்த கியர்பாக்ஸின் உள் தண்டு சுற்றிக்கொண்டிருந்தாலும் கடிக்கும். எல்லாம் சரியாக நின்றும், பல் நுனியும் பல் நுனியும் நேருக்கு நேர் முட்டினால் லிவர் உள்ளே போகாது.

அதாவது, கிளட்சில் சின்னக் கோளாறு வந்தாலும் முதலில் காட்டிக்கொடுப்பது ரிவர்ஸ்தான். மற்ற கியர்களில் அந்தக் குறையை சிங்க்ரோ கொஞ்ச காலம் மறைத்துவிடும்.

சரியாகப் போடுகிறோமா?

இதைக் கேட்டால் சிலருக்குக் கோபம் வரும். இருந்தாலும் பாருங்கள். வண்டியை முழுதாக நிறுத்தி, கிளட்சைத் தரைவரை அழுத்தி, இரண்டு மூன்று விநாடி காத்திருந்து பிறகு ரிவர்ஸ் போடுங்கள். கிளட்சை அழுத்தியவுடன் உள் தண்டு நின்றுவிடாது. சுற்றிச் சுற்றித்தான் ஓயும். அவசரப்பட்டால் நல்ல வண்டியிலும் கறகறக்கும்.

காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் ஒரு வழி உண்டு. கிளட்சை அழுத்தியபடியே முதலில் ஒன்றாம் கியருக்குத் தள்ளுங்கள். அதன் சிங்க்ரோ உள் தண்டைப் பிடித்து நிறுத்திவிடும். கிளட்சிலிருந்து காலை எடுக்காமல் அங்கிருந்து நேராக ரிவர்ஸுக்குப் போங்கள். பல் நுனி முட்டி லிவர் போகவில்லை என்றால் மருந்து வேறு: நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை ஒருமுறை விட்டு, மறுபடி அழுத்திப் போடுங்கள். தண்டு கொஞ்சம் திரும்பி, பல்லுக்கு இடம் கிடைத்துவிடும்.

எப்போதோ ஒருமுறை முட்டுவது இந்த வண்டிகளின் இயல்பு. தினமும் இப்படித்தான் போட வேண்டியிருக்கிறது என்றால் தொடர்ந்து படியுங்கள்.

தவறுதலாக ரிவர்ஸ் விழாதபடி தடுக்கும் லிவர் பூட்டும் வண்டிக்கு வண்டி மாறும். சிட்டி கோல்ஃபில் லிவரைக் கீழே அழுத்திக்கொண்டு தள்ள வேண்டும். கோர்ஸாவில் குமிழுக்குக் கீழே உள்ள வளையத்தைத் தூக்க வேண்டும். டாஸில் ரிவர்ஸ் ஐந்தாம் கியருக்கு நேர் கீழே இருக்கிறது. ஓட்டத்தில் ஐந்திலிருந்து தவறி ரிவர்ஸுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக, இப்படி அமைந்த கியர்பாக்ஸ் பெட்டிகளில் உள்ளே ஒரு தடுப்பு இருக்கும். நடு நியூட்ரலுக்கு வந்து, வலப்பக்கம் தள்ளி, பிறகு பின்னால் இழுங்கள்.

இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு சோதனை

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வையுங்கள். இன்ஜினை அணைத்து, கிளட்சை அழுத்தி ரிவர்ஸ் போடுங்கள். போகவில்லையென்றால் நியூட்ரலுக்கு வந்து, ஹேண்ட்பிரேக்கை விட்டு, செங்கலைச் சற்று நகர்த்தி வண்டியை ஒரு அங்குலம் தள்ளுங்கள்; பிரேக்கைப் போட்டுவிட்டு மறுபடி ரிவர்ஸ் போடுங்கள். அப்புறம் இன்ஜினை ஓடவிட்டு, கிளட்சை அழுத்தி, பத்து விநாடி காத்திருந்து போடுங்கள்.

அணைந்திருக்கும்போது வெண்ணெய் மாதிரி விழுந்து, ஓடும்போது பத்து விநாடி கழித்தும் கறகறத்தால், குற்றவாளி கிளட்ச். அது முழுதாகப் பிரியவில்லை. இதை உறுதி செய்ய இன்னொரு வழி: முன்னால் ஆளோ சுவரோ இல்லாத சமதரையில், செங்கலை எடுத்துவிட்டு, இன்ஜின் ஓட, கிளட்சைத் தரையோடு அழுத்தி, ஒன்றாம் கியர் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். வண்டி மெல்ல ஊர்ந்தால் சந்தேகமே வேண்டாம்.

இன்ஜின் அணைந்திருந்தும் விழவில்லை, தள்ளிப் பார்த்தும் விழவில்லை என்றால் லிங்கேஜ் அல்லது லிவர் பூட்டு. மற்ற கியர்களும் தொளதொளவென்று இடம் மாறி விழுந்தால் அது இன்னும் உறுதி.

இரண்டு நிலையிலும் விழுகிறது, ஆனால் வண்டி நகர்ந்தவுடன் லிவர் துள்ளி வெளியே வந்துவிடுகிறது என்றால் அது வேறு கதை. இன்ஜின் மவுண்ட், லிங்கேஜ் அளவு, தேய்ந்த பல் என்று மூன்று இடத்தில் தேட வேண்டும்.

ரிவர்ஸ் விளக்கையும் கவனியுங்கள். அதன் சுவிட்ச் பெரும்பாலும் கியர்பாக்ஸிலேயே திருகப்பட்டிருக்கும்; உள்ளே ரிவர்ஸுக்கான பாகம் நகரும்போது அது அழுந்தும். லிவரைத் தள்ளும்போது விளக்கு எரிந்து, கிளட்சை விட்டால் வண்டி நகரவில்லை என்றால், லிங்கேஜ் தன் வேலையைச் செய்துவிட்டது, சிக்கல் பெட்டிக்குள்ளே என்று சொல்லலாம். விளக்கு எரியவேயில்லை என்றால் அதை வைத்து எதுவும் முடிவு கட்ட முடியாது; பல்பே போயிருக்கலாம்.

கிளட்ச் விடவில்லை என்றால்

முதலில் காலடியைப் பாருங்கள். கம்பளத்தின் மேல் ரப்பர் மேட், அதன் மேல் இன்னொரு மேட் என்று போட்டு, பெடல் தரைவரை போகாத வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். மேட்டை எடுத்துவிட்டு ஒருமுறை முயலுங்கள். அடுத்து ஐட்லிங், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகம். சூடான இன்ஜின் சாதாரணமாக 800, 900 ஆர்பிஎம்மில் நிற்க வேண்டும். கார்புரேட்டர் கோல்ஃபில் சோக் ஒட்டிக்கொண்டு 1,500-இல் இரைந்துகொண்டிருந்தால் உள் தண்டு ஓய அதிக நேரம் எடுக்கும். சோக்கைச் சரிசெய்தால், கிளட்சைத் தொடாமலே அந்தக் கோளாறு சரியாகிவிடும்.

இனி, உங்கள் வண்டியில் கிளட்ச் கேபிளா, ஹைட்ராலிக்கா என்று பாருங்கள். சிட்டி கோல்ஃபில் கேபிள். பானெட்டைத் திறந்தால், காலடிப் பக்கத் தடுப்புத் தகட்டிலிருந்து கியர்பாக்ஸ் நோக்கி ஒரு தடித்த கறுப்புக் கேபிள் வந்து, ஒரு கையில் கோத்திருக்கும். ஹைட்ராலிக் என்றால் மெல்லிய குழாய் ஒன்று, கியர்பாக்ஸ் பக்கத்தில் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டருக்குப் போகும்.

கேபிள் வண்டியில் ஒருவரைப் பெடலை அழுத்தச் சொல்லி, கியர்பாக்ஸ் முனையில் அந்தக் கை எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். பெடல் முழுக்கப் போகிறது, கை கொஞ்சமே நகர்கிறது என்றால் நடுவில் எங்கோ அசைவு தொலைகிறது. கேபிளின் உள் கம்பி இழை இழையாகப் பிரிந்திருக்கலாம். பெடல் கொக்கியில்தான் முதலில் பிரியும், அங்கே டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியுறை எக்ஸாஸ்ட் பக்கம் உருகி நசுங்கியிருக்கலாம். கேபிள் ஊடுருவும் தடுப்புத் தகடு துருப்பிடித்தோ விரிசல் விட்டோ இருந்தால், பெடலை அழுத்தும்போது கேபிளுக்குப் பதில் தகடே வளையும். கடற்கரை ஊர்களில் ஓடிய பழைய வண்டிகளில் இதைக் கட்டாயம் பாருங்கள். புதுக் கேபிள் போட்டாலும் தகடு வளைந்தால் ரிவர்ஸ் விழாது.

கேபிளை முறுக்கும் நட்டு இருந்தால் பெடலின் சும்மா ஆட்டத்தை அளந்து பாருங்கள். பெடலை விரலால் அழுத்தும்போது எடை தெரியும்வரை அது எவ்வளவு தூரம் போகிறது என்பதே அந்த ஆட்டம். பல பழைய வண்டிகளுக்கு 10 முதல் 25 மில்லிமீட்டருக்குள் சொல்லியிருப்பார்கள். சரியான அளவை உங்கள் வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டம் அதிகமென்றால் நட்டைக் கொஞ்சம் முறுக்குங்கள். ஆட்டமே இல்லாமல் முறுக்கிவிடாதீர்கள். கிளட்சைப் பிரிக்கும் ரிலீஸ் பேரிங் எந்நேரமும் உரசிக்கொண்டே இருக்கும், ஃபீல்ட்ஸ் ஹில் மேடு ஏறும்போது கிளட்ச் வழுக்கும். தானாகச் சரிசெய்துகொள்ளும் கேபிள் பிந்திய கோல்ஃப்களில் வந்தது. அதில் நட்டைத் தேடாதீர்கள். அந்த அமைப்பு இறுகிப் போயிருந்தால் கேபிளையே மாற்ற வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "கிளட்ச் பிளேட் தேஞ்சுபோச்சு, அதான் ரிவர்ஸ் விழல" என்று சொல்வது பெரும்பாலும் தவறு. பிளேட் தேயும்போது, அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்கள் ரிலீஸ் பேரிங் பக்கமாக நகர்ந்து வரும். அதனால் சும்மா ஆட்டம் குறையும், கூடாது. தேய்ந்த பிளேட்டின் அறிகுறி வழுக்கல்: இன்ஜின் இரையும், வண்டி வேகம் எடுக்காது. ரிவர்ஸ் விழாதது அதற்கு நேர் எதிரான நோய், கிளட்ச் பிடியை விடாத நோய். எதிர்வீட்டுப் பையன் ஒருநாள் வந்து நின்றான்.

"அங்கிள், புது கிளட்ச் கிட் போட்டும் ரிவர்ஸ் கறகறன்னுதான் விழுது."

"கேபிளை மாத்தினாங்களா தம்பி?"

"இல்ல அங்கிள், பழசையே மாட்டிட்டாங்க."

கேபிளை மாற்றியதும் ரிவர்ஸ் விழுந்துவிட்டது. கிட்டுக்குக் கொடுத்த காசு திரும்பி வராது.

ஹைட்ராலிக் வண்டியில் முதலில் திரவ அளவு. சில வண்டிகளில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டப்பா, சிலவற்றில் தனி டப்பா. குறைந்திருந்தால் மூடியில் எழுதியிருக்கும் பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றுங்கள், டாட் 3 அல்லது டாட் 4. வேறு எந்த எண்ணெயும் கூடாது, உள்ளே ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அளவு குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது என்றும் அர்த்தம். ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் தொப்பியை விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சீல் போய்விட்டது. காலடியில், பெடலுக்கு மேலே, பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் சுவரோடு சேரும் இடத்தையும் தடவிப் பாருங்கள்.

பெடலை நாலைந்து முறை வேகமாக அடித்த பிறகு ரிவர்ஸ் நன்றாக விழுகிறதா? அப்படியென்றால் குழாயில் காற்று, அல்லது மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள்ளே கசிகிறது. காற்றை எடுக்க இருவர் வேண்டும். ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்க, மற்றவர் ஸ்லேவின் நிப்பிளைத் திறந்து, குமிழியோடு திரவம் வந்ததும் மூட வேண்டும். மூடிய பிறகே பெடலை விட வேண்டும். குமிழி நிற்கும்வரை இதையே செய்யுங்கள், நடுநடுவே டப்பாவை நிரப்புங்கள். அதற்குப் பிறகும் ஸ்லேவின் தண்டு ஒரு சென்டிமீட்டர் அளவுகூட நகரவில்லை என்றால் சிலிண்டர் மாற்றும் வேலைதான். வளையும் ரப்பர் குழாய் பழையதாகி உப்பினாலும் இதே அறிகுறி வரும்.

வெளியே எல்லாம் சரி, கையும் முழுதாக நகர்கிறது, இருந்தும் கிளட்ச் பிரியவில்லை என்றால் கோளாறு கிளட்சை மூடியிருக்கும் பெல்ஹவுசிங்குக்குள். வளைந்த பிளேட், உடைந்த பிரஷர் பிளேட் விரல், விரிசல் விட்ட ஃபோர்க், துருப்பிடித்த ஸ்ப்ளைன். பின்சக்கரம் ஓட்டும் பக்கிகளில் கிராங்கின் முனையில் உள்ள பைலட் பேரிங் இறுகினாலும் உள் தண்டு நிற்காமல் சுற்றும். இவற்றுக்கெல்லாம் பெட்டியை இறக்க வேண்டும்.

மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டி மட்டும் விதிவிலக்கு. டர்பன் ஈரக்காற்றில் கிளட்ச் பிளேட் துருவோடு ஃப்ளைவீலில் ஒட்டிக்கொள்ளும். எந்தக் கியரும் விழாது, அணைத்துப் போட்டால் விழும். இன்ஜினைச் சூடாக்கி அணையுங்கள். முன்னும் பின்னும் ஆளில்லாத இடத்தில், ஹேண்ட்பிரேக்கும் கால் பிரேக்கும் இறுகப் பிடித்து, மேல் கியரில் போட்டு, கிளட்சை முழுக்க அழுத்தியபடி ஸ்டார்ட்டரை ஒரு கணம் மட்டும் திருப்புங்கள். அந்த அதிர்வில் பெரும்பாலும் பிரிந்துவிடும். இரண்டு மூன்று தடவைக்கு மேல் ஸ்டார்ட்டரை வதைக்க வேண்டாம்.

லிவர் அந்த இடத்துக்கே போகவில்லை என்றால்

இந்த வேலையில் பாதி, பார்ப்பதுதான். இன்ஜின் ஆறிய பிறகு தொடங்குங்கள். கோல்ஃபின் லிங்கேஜ் இன்ஜினுக்குப் பின்னால், ஸ்டியரிங் ராக்குக்கு மேலே, சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் இருக்கிறது. அடியில் போவதாக இருந்தால் ஜாக்கை நம்பிப் போகாதீர்கள், ஸ்டாண்ட் வைத்த பிறகுதான்.

ஒருவரை உள்ளே உட்காரவைத்து ஒவ்வொரு கியராகப் போடச் சொல்லுங்கள். நீங்கள் வெளியே கம்பிகளையும் மூட்டுகளையும் கவனியுங்கள். லிவர் நகர்ந்து சற்றுப் பிறகே கம்பி நகர்ந்தால் அந்த இடத்தில் புஷ் (மூட்டுக்குள் இருக்கும் உறை வளையம்) தேய்ந்திருக்கிறது. கோல்ஃபில் பல சின்னச் சின்ன பிளாஸ்டிக் புஷ்களும் பந்து மூட்டுகளும் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால்கூட, கடைசியில் இருக்கும் ரிவர்ஸுக்குத் தூரம் போதாது. ஒன்றை மட்டும் மாற்றி மிச்சம் பிடிப்பது வீண். ஸ்பேர்ஸ் கடையில் முழு செட்டாகவே கேளுங்கள். பிரேக் கிட், வைப்பர் மாதிரி இதுவும் கோல்ஃபுக்கு எளிதில் கிடைக்கும் பொருள்.

சந்தேகம் தீரவில்லையா? லிங்கேஜைக் கியர்பாக்ஸ் முனையில் கழற்றிவிட்டு, பெட்டியிலிருந்து வெளியே நீட்டியிருக்கும் செலக்டரைக் கையாலேயே நகர்த்திப் பாருங்கள். கையால் நகர்த்தும்போது ரிவர்ஸ் விழுந்தால் பெட்டி நன்றாக இருக்கிறது, கோளாறு முழுவதும் வெளியே. என்னைப் பொறுத்தவரை கியர்பாக்ஸை இறக்க அனுமதி கொடுக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்யாத மெக்கானிக்கிடம் வண்டியை விடக்கூடாது.

புஷ் மாற்றிய பிறகு லிங்கேஜை அளவு வைக்க வேண்டும். பெரும்பாலான பழைய வண்டிகளில் கம்பியைப் பிடிக்கும் ஒரு கிளாம்ப் இருக்கும். அதைத் தளர்த்தி, பெட்டியையும் லிவரையும் நியூட்ரலில் சரியாக நிறுத்தி, மறுபடி இறுக்குவதுதான் வேலை. லிவரை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி வேறு, கையேடு இல்லாமல் ஊகத்தில் செய்யாதீர்கள். கழற்றும் முன் கம்பியிலும் கிளாம்பிலும் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொண்டால், குழம்பினாலும் பழைய இடத்துக்காவது திரும்பலாம்.

அடுத்தது லிவர் பூட்டு. கோல்ஃபில் லிவரைக் கீழே அழுத்தும்போது அது உண்மையிலேயே இறங்குகிறதா? அடியில் உள்ள பந்துக் கிண்ணம் தேய்ந்தோ, கிரீஸ் காய்ந்து கல்லாகியோ இருந்தால் இறங்காது. கோர்ஸாவில் வளையத்தைத் தூக்கும்போது உள்ளே ஒரு சின்ன முளையும் சேர்ந்து ஏற வேண்டும்; வளையம் மட்டும் ஏறி முளை ஏறவில்லை என்றால் நடுவில் உள்ள பிளாஸ்டிக் உடைந்திருக்கிறது. ஸ்போர்ட்ஸ் குமிழ் மாட்டிய பையன்களின் வண்டியில், குமிழை அதிகம் திருகி வளையம் ஏற இடமில்லாமல் போயிருக்கும். இதற்கெல்லாம் கியர்பாக்ஸா பாவம்?

நம் தென்னாப்பிரிக்காவில் இன்னொரு சந்தேக நபர் உண்டு: கியர் லாக். திருட்டுக்குப் பயந்து நிறையப் பேர் மாட்டியிருக்கிறோம், மேனுவல் வண்டியில் அது பெரும்பாலும் லிவரை ரிவர்ஸில் வைத்துத்தான் பூட்டும். அதன் இரும்புத் தகடு வளைந்தாலோ, திருகு தளர்ந்து நகர்ந்தாலோ, பூட்டு பாதியில் நின்றாலோ லிவர் ரிவர்ஸ் பக்கம் வரவே விடாது. லிவரைச் சுற்றியுள்ள உறையைக் கழற்றி, லாக் எங்கே முட்டுகிறது என்று பாருங்கள். அந்தக் குழியில் விழுந்த நாணயம், பேனா மூடி, குழந்தைகள் போட்ட மிட்டாய் எல்லாம் அப்போது கிடைக்கும். ரிவர்ஸ் விழாதவரை கியர் லாக்கும் பூட்டாது என்பதால் ராத்திரி ஸ்டியரிங் லாக்காவது போட்டு வையுங்கள்.

கடைசியாக இன்ஜின் மவுண்ட். ஹேண்ட்பிரேக் இறுக்கி, முன்னால் யாரும் நிற்காமல், ஒருவர் கிளட்சைப் பாதி விட்டுப் பிடிக்க, மற்றவர் பக்கவாட்டில் நின்று பானெட்டுக்குள் பாருங்கள். இன்ஜின் ஒரு பக்கமாகத் தூக்கிப் போட்டால் ரப்பர் கிழிந்திருக்கிறது. அந்த அசைவு கம்பி லிங்கேஜையும் இழுக்கும். ரிவர்ஸில் நகர்ந்தவுடன் லிவர் துள்ளுவதற்கு இது ஒரு காரணம்.

கியர் ஆயில்

ஆயில் குறைந்தோ கெட்டோ இருந்தால் ரிவர்ஸ் மட்டும் கெடாது, எல்லாக் கியரும் முரண்டு பிடிக்கும். ஜோஹனஸ்பர்க் பக்கத்து லெனேஷியாவில் ஜூன், ஜூலை குளிர்காலக் காலையில் மட்டும் முரண்டு பிடித்து, கொஞ்ச தூரம் ஓடியதும் சரியாகிறது என்றால் ஆயில் தடித்திருக்கிறது அல்லது தவறான ரகம். டர்பன் பக்கத்தில் அவ்வளவு குளிர் கிடையாது, இங்கே அந்தக் காரணம் சொன்னால் நம்பாதீர்கள்.

பக்கவாட்டில் உள்ள நிரப்பும் பிளக்கை முதலில் திறங்கள். அது திறக்கிறது என்று தெரிந்த பிறகே அடியிலுள்ள வடிக்கும் பிளக்கைத் தொடுங்கள். முழுவதும் வடித்துவிட்டு, நிரப்பும் பிளக் துருவில் இறுகி வராமல் நின்றால் வண்டியை எங்கும் ஓட்ட முடியாது. வடித்த ஆயிலை விரலில் தடவிப் பாருங்கள். பிளக்கின் காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை இருந்தால் கவலை வேண்டாம். ஊசி ஊசியாக உலோகமோ, பல்லின் துண்டோ இருந்தால் பெட்டியைத் திறக்கும் நேரம் வந்துவிட்டது.

பழைய பெட்டிகளின் சிங்க்ரோ பித்தளை என்பதால் கையேடு ஜிஎல்-4 என்று சொன்னால் ஜிஎல்-4 தான் ஊற்ற வேண்டும். ஜிஎல்-5 பின்சக்கர டிஃபரன்ஷியலுக்கு நல்லது, ஆனால் பித்தளைக்கு அதன் கலவை ஒத்துக்கொள்வதில்லை, சிங்க்ரோ உரசி நிறுத்துவதற்குத் தேவையான பிடிப்பையும் குறைக்கும். முன்னே சொன்ன 'ஒன்றாம் கியர் போட்டு ரிவர்ஸ்' வித்தையும் அந்தப் பிடிப்பை நம்பித்தான் இருக்கிறது. வண்டி சமமாக நிற்க, நிரப்பும் துளையில் வழியும்வரை ஊற்றி மூடுங்கள்.

பெட்டிக்குள்ளேதான் என்று தெரிந்த பிறகு

கறகறவென்று வருஷக்கணக்கில் போட்டுப் போட்டு ஐட்லர் பல்லின் முனை மழுங்கியிருக்கும். பின்னால் போகும்போது சீராக 'டக், டக்' என்று கேட்டால் பல் உடைந்திருக்கலாம். அந்தத் துண்டு மற்ற கியர்களுக்கு நடுவில் போய் விழுவதற்குள் ஓட்டத்தை நிறுத்துங்கள். கியரை நகர்த்தும் ஃபோர்க்கின் வளைவு, கியரை இடத்தில் பிடித்து வைக்கும் டிடென்ட் ஸ்பிரிங்கின் தளர்வு ஆகியவையும் இங்கேதான். இவற்றை வீட்டு முற்றத்தில் செய்யச் சொல்ல மாட்டேன்.

ஸ்க்ராப் யார்டில் வேறு பெட்டி வாங்குவது பல நேரம் பழையதைத் திறந்து சரிசெய்வதைவிட மலிவு. கோல்ஃப் என்று சொன்னால் போதாது, 1.3, 1.4, 1.6, 1.8 என்று இன்ஜினுக்கேற்ப விகிதம் மாறும், பெட்டியில் பொறித்த குறியீட்டைப் பழையதோடு ஒப்பிடுங்கள். வாங்கும் முன் உள் தண்டைக் கையால் சுற்றியபடி ஒவ்வொரு கியரையும் ரிவர்ஸையும் அங்கேயே போட்டுப் பாருங்கள். ஆயில் மிச்சம் இருந்தால் முகர்ந்து, தடவிப் பாருங்கள்.

அதுவரை எப்படி ஓட்டுவது

முன்னோக்கியே வெளியேறக்கூடிய இடத்தில் நிறுத்துங்கள். பெரிய வெள்ளி அன்று இஸிபிங்கோ மாரியம்மன் கோயில் பக்கமோ, காவடிக்கு உம்பிலோ கோயில் பக்கமோ போவதாக இருந்தால் வேறு வண்டியில் போங்கள். முன்னும் பின்னும் அடைத்து நிறுத்திய கூட்டத்தில் ரிவர்ஸ் இல்லாமல் மாட்டினால் பூஜை முடிந்து எல்லோரும் போகும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

சரிவில் நின்ற வண்டியைப் பின்னால் உருளவிட்டு எடுப்பதாக இருந்தால் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கட்டும். அணைத்துவிட்டால் பிரேக் பூஸ்டரின் துணை போய்விடும், பெடல் கல்லாகும். பின்னால் நின்று வழி சொல்பவர் வண்டியின் பாதையில் நிற்கக்கூடாது, ஓட்டுபவர் கண்ணாடியில் தெரியும்படி பக்கத்தில் நிற்க வேண்டும். ராத்திரி சரிவில் நிறுத்தும்போது ஒன்றாம் கியரில் போட்டு, வண்டி உருண்டால் நடைபாதை ஓரத்தில் முட்டி நிற்கும்படி சக்கரத்தைத் திருப்பி, செங்கல் வைத்துவிடுங்கள்.

பிள்ளைகள் கே53 ஓட்டுநர் உரிமத் தேர்வுக்கு இந்த வண்டியில் பழகுகிறார்கள் என்றால் முதலில் இதைச் சரிசெய்யுங்கள். யார்டு தேர்வில் ஆலி டாக்கிங்கும் (கட்டத்துக்குள் பின்னால் வந்து நிறுத்துவது) பேரலல் பார்க்கிங்கும் ரிவர்ஸில்தான். தடுமாறும் ரிவர்ஸில் பழகிய பிள்ளை லிவரைக் குத்திக் குத்திப் போடும் பழக்கத்தோடு போகும்.

ஒர்க்‌ஷாப்பில் பேசும்போது

"ரிவர்ஸ் விழல, பாருங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். "இன்ஜின் அணைந்திருந்தால் விழுகிறது, ஓடும்போது பத்து விநாடி கழித்தும் கறகறக்கிறது, கேபிள் முனையில் கை இவ்வளவுதான் நகர்கிறது" என்று சொல்லுங்கள். கேட்பவருக்கு உங்களிடம் எளிதாகக் கியர்பாக்ஸ் விற்க மனம் வராது.

பெட்டியை இறக்கியே ஆக வேண்டும் என்றால், இறக்கிய கையோடு கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்கின் பின் சீல் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கூலி ஒருமுறைதான். கேபிளையும் சேர்த்து மாற்றச் சொல்லி பில்லில் தனி வரியாக எழுதி வாங்குங்கள், கழற்றிய பழைய பாகங்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுத் தரச் சொல்லுங்கள். வண்டியை எடுக்கும்போது முற்றத்திலேயே பத்து விநாடி சோதனையைச் செய்யுங்கள், மேட்டில் ஒருமுறை, சமதரையில் ஒருமுறை, இன்ஜின் சூடான பிறகு இன்னொருமுறை. ரிவர்ஸ் விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். பெட்டியை மாட்டும்போது அந்த சுவிட்சின் ஒயரைத் திரும்பக் கோக்க மறப்பது வழக்கமான தவறு, ரோட்வொர்தி சோதனையில் (வண்டியின் தகுதிச் சோதனை) அங்கேதான் பிடிப்பார்கள்.